வலி தெரியாத கால்

என் தாய்மாமா பினாங்கு பந்தயத் திடல் லாயத்தில் குதிரை பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். கல்யாணம் ஆகாதவர், சாப்பாடு சுங்கை பினாங்கில் எங்கள் வீட்டில். அவர் பொறுப்பில் ஒரு செம்பழுப்புக் குதிரை இருந்தது. பெண் பார்க்கப் போன இடத்திலும் அதைப் பற்றியே பேசிவிட்டு வந்தார் என்று அம்மாவுக்குக் குறை.

ஒருநாள் பயிற்சி ஓட்டத்தில் அதன் முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே எலும்பைத் தாங்கிப் பிடிக்கும் நார் கிழிந்துவிட்டது. பற்றுப் போட்டார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடும் வைத்தார்கள். வீக்கம் வடிந்தது, நொண்டல் போகவில்லை. சுட்டுக் கொன்றுவிடலாம் என்றார் குதிரையின் சொந்தக்காரரான எஸ்டேட் துரை. குதிரை டாக்டர் வேறு வழி சொன்னார்: அந்தக் காலுக்குப் போகும் நரம்பை அறுத்துவிட்டால் வலி தெரியாது, புல் மேய்ந்துகொண்டு உயிரோடு இருக்கும். ஓட மட்டும் விடக் கூடாது.

அறுவை நடந்த அன்று, மாமாவுக்குச் சோறு கொண்டுபோன அம்மாவோடு நானும் போனேன். குதிரையை வைக்கோல்மேல் சாய்த்து, மயக்க மருந்தில் நனைத்த பையை மூக்கில் கட்டியிருந்தார்கள். மாமா அதன் தலையை மடியில் தாங்கி உட்கார்ந்திருந்தார். டாக்டர் கீறிய இடம் என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

புண் ஆறியதும் குதிரை நொண்டாமல் நடந்தது. வந்து பார்த்த துரை, டாக்டர் தடுத்தும் கேளாமல் அதை அடுத்த பந்தயத்தில் சேர்த்துவிட்டார். சேணம் போட மாட்டேன் என்று சொல்லி மாமா வேலையை விட்டார்.

வீட்டில் பெரிய சண்டை. துறைமுகத்தில் மூட்டை சுமந்த அப்பாவுக்கு, நிழலில் பார்க்கும் வேலையை ஒருவர் உதறியது பொறுக்கவில்லை. பந்தயத்துக்குக் கூட்டிப்போவதாக மாமா சொல்லியிருந்தாரே என்று எனக்கும் கோபம்.

"அதுக்குத்தான் இப்ப வலிக்கலையே மாமா?" என்றேன்.

"வலிக்கலை லா. அதான்மா பயமா இருக்கு."

பந்தயத்தன்று அப்பாதான் என்னைக் கூட்டிப்போனார். வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். முன்னால் வந்துகொண்டிருந்த நம் குதிரை கடைசி வளைவில் குப்புற விழுந்தது. சவாரிக்காரர் உருண்டு தப்பினார். குதிரை எழுந்துவிட்டது. குளம்பு ஒருபக்கமாக மடங்கித் தொங்க, அந்தக் காலையே ஊன்றிக்கொண்டு, காதுகளை முன்னால் நிமிர்த்தி, மற்ற குதிரைகளின் பின்னால் ஓடியது. அப்போதுதான் கூட்டத்திலிருந்து மாமா வேலியைத் தாண்டி ஓடுவதைக் கண்டேன். அவர் குரலுக்கு அது நின்றது. சுற்றிலும் படுதா பிடித்தார்கள். துப்பாக்கி வெடித்த சத்தம் கேட்டபோது அப்பா என் காதைப் பொத்தினார்.

இருட்டுவதற்குள் மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா தட்டு வைத்தாள். அவரைத் தேற்ற வேண்டுமென்று நான் அருகில் போய் உட்கார்ந்து, நம் குதிரைக்குத்தான் எவ்வளவு தைரியம், கால் உடைந்தும் அழவேயில்லை பாருங்கள் என்றேன்.

மாமா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். புகழ்ந்துதானே பேசினேன், இதில் என்ன கோபம் என்று அம்மாவைக் கேட்டேன்.