குகையில் இருந்தவர்களுக்கு நான் வைத்த பெயர்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் சமூக நிலையச் செயலாளர் நூறு பேர் முன்னிலையில் என் வாயை அடைத்துவிட்டார்.

"இனிமே நீங்க விளக்கம் சொல்ல வேணாம்லா, கிராணியாரே."

வருத்தமா? கொஞ்சம்கூட இல்லை. ஆனால் நடந்ததை உங்களிடம் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இதில் முதல் குற்றவாளி நான்தான்.

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும் – சமூக நிலையத்துக்கு டெலிவிஷன் பெட்டி வந்த நாளிலிருந்து மாலை ஏழு மணிக்கு அங்கே உட்கார இடம் கிடைப்பதில்லை. வெள்ளிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். அன்றைக்கு ராக்கெட் படம். வெளிநாட்டுத் தொடர். ஒரு கேப்டன், நாலு வீரர்கள், வாரம் ஒரு கிரகம். பேச்செல்லாம் இங்கிலீஷ்.

வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது. அவள் காதில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, எங்களுக்கும் கேக்கட்டும்" என்றார்கள் பின்வரிசைக்காரர்கள். சொன்னேன். அடுத்த வாரம் எழுந்து நின்று சொன்னேன். அதற்கடுத்த வாரம் செயலாளரே என்னைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார். பகலெல்லாம் துறைமுகத்தில் சரக்குப் பட்டியல் எழுதுகிற கிராணி நான். நூறு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

முந்தைய வெள்ளிக்கிழமை, கேப்டன் இறங்கிய கிரகத்தில் ஒரு குகை. உள்ளே உடம்பெல்லாம் புண்ணோடு சில பேர். இடுப்பில் பிள்ளையோடு ஒருத்திகூட இருந்தாள். அவர்கள் கையை நீட்டிக்கொண்டு வருகிறார்கள்... வீரர்கள் முகமூடியை மாட்டிக்கொண்டு பின்வாங்குகிறார்கள். அந்த நோய்க்குக் கதையில் வாயில் நுழையாத ஏதோ ஒரு பெயர்.

"என்னா நோவுங்க அது?" என்று யாரோ கேட்டார்கள்.

நான் யோசிக்கவில்லை. "குஷ்டம்" என்றேன்.

கேப்டன் ஒரு பொத்தானை அமுக்கினார். குகை வெடித்துச் சிதறியது. ஜம்மென்று ஒரு சங்கீதம். "இனிமே நோவு பரவாது" என்று நானும் என் பங்குக்கு முடித்து வைத்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். நானும்தான்.

இரண்டாம் வரிசையில் ஒருத்தி மட்டும் எழுந்து வெளியே போனாள். சரசா.

சரசா எங்கள் தெருமுனையில் காலையில் இடியாப்பம் விற்கிறவள். தொழுநோய் ஆஸ்பத்திரியில் எட்டு வருஷம் இருந்து, குணமாகி வந்தவள். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கியிருக்கும். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்தும் நாலு வருஷமாக அவளிடம்தான் வாங்கிச் சாப்பிட்டார்கள். எட்டு மணிக்குள் கூடை காலியாகிவிடும்.

மறுநாள் என் மனைவி இடியாப்பப் பொட்டலத்தை மேசையில் வைத்தாள். வைத்தாளா, போட்டாளா... சத்தம் பலமாகத்தான் கேட்டது.

"மணி பத்து. நாந்தான் மொதல் போணி. கூடை அப்படியே இருக்கு. எல்லாம் நீங்க பண்ணுன வேலை."

"படம் எடுத்தவன் பண்ணுன வேலை" என்றேன்.

"அவன் இங்கிலீஷ்ல பண்ணான். தமிழ்ல பண்ணது யாரு?"

ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகுமுன் சரசாவிடம் போனேன். கூடையைத் துணியால் மூடிக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிடும்மா. தெரியாம சொல்லிட்டேன்."

"தெரியாமயா? நான் ரெண்டாவது வரிசைல உக்காந்திருந்தேனே, கிராணியாரே."

அவள் துணியின் முனையைக் கூடைக்குள் அழுத்திச் செருகினாள்.

"இனிமே உன்னால யாருக்கும் இந்த நோவு வராதுன்னு டாக்டர் கையெழுத்துப் போட்டு அனுப்புனாரு. அதை நெத்தியில ஒட்டிக்கிட்டா நான் யாவாரம் பண்ணணும்?" அவள் அழவில்லை. கொதித்துக்கொண்டிருந்தாள். "நேத்து ஒருத்தி, என்னையப் பாத்ததும் பிள்ளையத் தூக்கிக்கிட்டு எதிர்ப்பக்கம் போயிட்டா. என் இடியாப்பத்தைத் தின்னு வளந்த பிள்ளை அது. கை தட்டுன நூறு பேருகிட்டயும் போயிப் பேசுங்க. இங்க வந்து ரகசியமா மன்னிப்புக் கேக்காதீங்க."

அந்த வாரம் முழுக்கச் சரக்குப் பட்டியலில் மனம் ஓடவில்லை. நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் பறக்கிறவர்கள், மணிக்கட்டிலேயே டெலிபோன் கட்டியிருக்கிறவர்கள் – ஒரு நோயாளியைப் பார்த்ததும் அவர்களுக்குத் தோன்றுவது வெடிகுண்டுதானா? நம் ஊரில் இதற்கு மாத்திரை இருக்கிறது. நம்மிடம் இருக்கிற மாத்திரை எதிர்காலத்தில் தீர்ந்துபோய்விட்டதா? நோயாளி என்றால் பூதம், கூன் விழுந்தவன் என்றால் வில்லன்... பாட்டன் காலத்துப் பயத்துக்கு வெள்ளிச் சட்டை மாட்டிவிட்டு விஞ்ஞானம் என்கிறார்கள். அதை நான் தமிழில் வேறு சொல்லி, பயத்துக்கு நம் தெருவிலேயே ஒரு விலாசமும் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை படம் ஆரம்பிக்குமுன் எழுந்து நின்றேன்.

"போன வாரம் நான் சொன்னது தப்பு. அந்த நோவுக்கு நானா ஒரு பேரு வச்சேன். குகையில இருந்தவங்க நோயாளிங்க. கேப்டன் பண்ணது வீரமில்ல, கொலை. அதுக்குப் போயிக் கை தட்டினோம்."

முன்வரிசையில் ஒரு நகைக்கடைக்காரர் சிரித்தார். "கதைதான்லா, கிராணியாரே! வெள்ளக்காரன் எடுத்த படத்துக்கு நாம என்ன பண்றது?"

"கதைதான்னா சனிக்கிழமையிலேருந்து சரசாகிட்ட ஏன் இடியாப்பம் வாங்கல?"

சிரிப்பு நின்றது. செயலாளர் எழுந்து வந்தார். "படத்தைப் பத்தி மட்டும் சொல்லுங்க. பிரசங்கம் வேணாம்."

"படத்தைப் பத்தித்தான் சொல்றேன்."

அப்போது இரண்டாம் வரிசையிலிருந்து சரசா எழுந்தாள். அவள் வந்திருந்ததை அதுவரை நான் கவனிக்கவே இல்லை. இடது கையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்தினாள்.

"நல்லாப் பாத்துக்குங்க. இந்தக் கைதான் மாவு பிசையுது. நாளைக்கும் பிசையும். வேணுங்கிறவங்க வாங்க, வேணாங்கிறவங்க போங்க. நான் எந்தக் குகைக்கும் போறதா இல்ல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அங்கேயே. அதே வரிசையில்.

செயலாளர் என் வாயை அடைத்தது இதற்கப்புறம்தான். நான் போய் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். படம் ஓடியது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பாதியில் பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது.

சனிக்கிழமை ஏழு மணிக்கு நானும் மனைவியும் தெருமுனையில் நின்றே சாப்பிட்டோம், போகிறவர் வருகிறவர் பார்க்கும்படி. கொஞ்ச நேரத்தில் அந்த நகைக்கடைக்காரர் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு பொட்டலம்" என்றார். பிறகு இன்னும் சில பேர். கூடை காலியாக ஒன்பதரை ஆனது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவள் மட்டும் இன்னும் வரவில்லை.

இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று சரசாவிடம் கேட்டேன். "பேரைப் போட்டே எழுதுங்க" என்றாள். போட்டுவிட்டேன்.

விளக்கம் சொல்ல வேறு ஆள் தேடுகிறார்களாம். தேடட்டும். அந்த ஆளும் கேப்டனுக்காகக் கை தட்டச் சொன்னால், குறுக்கே பேச நான் யாரிடமும் அனுமதி கேட்கப் போவதில்லை.