விதைக்காத ஒன்றரை ஏக்கர்

அழுகிய இளம்பயிரின் நாற்றம் ஒருமுறை மூக்கில் ஏறினால், நாலைந்து நாட்களுக்குச் சோற்றிலும் அதுதான் மணக்கும். இன்றும் மழை விட்ட காலையில் எங்காவது அந்த நாற்றம் வந்தால், வெல்லாவெளிப் பக்கம், நாங்கள் வட்டை என்று சொல்லும் எங்கள் வயல்வெளியில் வெள்ளம் வடிந்த அந்த மார்கழிக்கே போய்விடுகிறேன்.

அம்மா சீதனமாகத் தந்த நாலு ஏக்கர் எனக்கு. அந்த மாரிமழைப் பெரும்போக விதைப்பில் உழவு மெசின் பிந்தியதால் இரண்டரை ஏக்கர்தான் விதைத்திருந்தேன். பிறகு வெள்ளம் வந்தது; விதைத்தது, விதைக்காதது எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிட்டுப் போனது. பயிரழிவு நட்டஈட்டுப் படிவம் நிரப்பும்போது பக்கத்து வயல்காரர் சொன்னார்: "நாலெண்டே போடு புள்ள. தண்ணிக்குள்ள கிடந்ததை ஆர் அளந்து பாத்த?"

போட்டேன். யோசிக்கவேயில்லை. இப்போது நினைத்தால் அதுதான் வெட்கம்.

பார்வையிட வந்த அதிகாரிக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். செருப்பை வரம்பில் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். விதைத்த பக்கத்தில் ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். விதைக்காத பக்கத்திலும் அள்ளினாள். இரண்டாவது கையை என் பக்கம் நீட்டினாள்.

"இதில பயிர் அழுகின மணம் இல்லையேக்கா."

வரம்பில் நின்ற பக்கத்து வயல்காரர் வானத்தை ஆராயத் தொடங்கினார்.

"நான் இன்னும் ஒப்பம் வைக்கல்ல," என்றாள், குரலைத் தாழ்த்தி. "வச்சாப் பிறகு இது பொய்ப் பிரகடனம். மோசடி வழக்கெண்டு கோட்டுப் படியும் அரசாங்கக் கச்சேரிப் படியும் ஏறி நீங்க அலையோணும். அது உங்கட பாடு. ஆனா ஒரு பொய் பிடிபட்டா இந்த வட்டைப் படிவம் எல்லாத்தையும் நிப்பாட்டிப்போடுவாங்க. அங்கால முழுசா அழிஞ்ச சனம் அடுத்த விதைப்புக்கு என்ன செய்யிற?"

அரசாங்கத்தை ஏமாற்றுகிறேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அரசாங்கத்துக்கு முகமில்லை. அங்கால வயல்களுக்கு இருந்தது. இரண்டு வயல் தள்ளி, குத்தகை நிலம் முழுவதையும் வெள்ளத்துக்குக் கொடுத்துவிட்டு விதைநெல்லுக்கு வழி தெரியாமல் ஒருத்தி குந்தியிருந்தாள்.

பேனையை வாங்கினேன். அவளும் பக்கத்து வயல்காரரும் பார்த்திருக்க நாலை வெட்டி இரண்டரை என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் வைத்தேன். முகம் சுட்டது. ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்தது. அது பின்னர் வளையவேயில்லை. இன்று எந்தப் படிவத்திலும் கூசாமல் கையெழுத்து வைக்கிறேன்.

அவள் வாய்க்காலில் கால் கழுவிச் செருப்பைப் போட்டாள். மோட்டார் சைக்கிளில் ஏறியவள் திரும்பினாள்.

"நாளைக்கு மற்ற வயலெல்லாம் பாக்கோணும். எது விதைச்சது, எது விதைக்காதது எண்டு உண்மையச் சொல்ல ஒராள் வேணும். நீங்க வாறீங்களா அக்கா?"

"வாறன்," என்றேன்.