மின்குமிழ்கள் எரிந்த கொட்டில்

வசந்தியின் மருந்தைக் கெடுத்தவன் நான். தெரியாமல் செய்யவில்லை. கெடும் என்று தெரிந்தேதான் செய்தேன்.

அப்போது நான் பொறியியல் பீடத்தில் ஆய்வு மாணவன். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு, மாங்கேணிக் கரையில் ஒரு சிறிய காற்றாலையை நிறுத்தியிருந்தோம். காற்றின் சக்தியில் எவ்வளவு வீணாகாமல் மின்சாரமாக மாறுகிறது என்று அளப்பது என் வேலை. அந்த மின்சாரத்தில் கொஞ்சம், சேமிக்கும் பெற்றரி வழியாகப் பக்கத்துத் தற்காலிக வீடுகளுக்கும் போனது.

முதல் வீட்டில் யோகேஸ்வரி அக்காவும் அவருடைய தங்கை வசந்தியும் இருந்தார்கள். தாய் தகப்பனைக் கடல் கொண்டுபோயிருந்தது. வசந்திக்குச் சிறுவயதிலிருந்தே சீனி வருத்தம்; இன்சுலின் ஊசி இல்லாவிட்டால் உயிர் தங்காது. சண்டையில் பாதை எந்த நேரமும் பூட்டப்படலாம் என்பதால், ஆஸ்பத்திரியில் பல மாதங்களுக்கான மருந்தைச் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அதைக் குளிரில் வைக்க ஒரு பழைய பிரிட்ஜ். அது ஓடியது என் மின்சாரத்தில்.

அந்தப் பிரிட்ஜ் திடீரென்று ஓடும், திடீரென்று நிற்கும். என் அளவீடுகள் ஆடின. மாறாத சுமை வேண்டும் என்று பேராசிரியர் திருப்பி அனுப்பினார். மாறாத சுமை என்றால் என்ன தெரியுமா உங்களுக்கு? காற்றாலையடியில் எங்கள் கருவிகள் இருந்த பூட்டிய கொட்டிலுக்குள் வரிசையாகக் கட்டிய மின்குமிழ்கள்... பட்டப்பகலில், யாருக்கும் உதவாமல் எரிபவை.

அக்காவின் வீட்டு வயரைக் கழற்றினேன்.

"பெற்றரி பழுதாப் போச்சு அக்கா. சாமான் கொழும்பில இருந்து வரணும்."

"வசந்திட மருந்து இரிக்கே சேர். கெட்டுப் போகாதா?"

"நிழல்ல வைங்க. ஒண்டும் ஆகாது."

அவர் கொட்டிலைப் பார்த்தார். பலகை இடுக்குகளில் வெளிச்சம் தெரிந்தது.

"அதுக்குள்ள லைட் எரியிதே?"

"அது வேற லைன்."

நம்பிவிட்டார்.

அளந்து முடித்ததும் திரும்பக் கொடுக்கலாம் என்றிருந்தேன். கொடுத்தேனா? வரைபடம் அழகாக வந்துகொண்டிருந்தது... இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நீட்டினேன். தகரக் கூரைக்குக் கீழே அந்த மருந்து வெந்துகொண்டிருந்தது. ஷெல் சத்தம் நெருங்கியதும் கருவிகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். போகும்போதாவது உண்மையைச் சொல்லியிருந்தால், பாதை பூட்டுமுன் வேறு மருந்து தேடியிருப்பார்கள். வாய் திறக்கவில்லை. எனக்குப் பட்டம் கிடைத்தது.

போர் முடிந்த பிறகு வேறோர் ஆய்வுக்காக மாங்கேணிக்குப் போனேன். அக்கா தனியாக இருந்தார். தேத்தண்ணி தந்துவிட்டு, நான் கேட்காமலே சொன்னார்.

"காட்டு வழியா நடந்தம் சேர். ஊசிய நான் ஒருநாளும் விடல்ல. போடப் போடப் புள்ள சத்தி எடுக்கிறாள், திண்டது ஒண்டும் வயித்தில நிக்கல்ல, மூச்சு வாங்கிறாள். மறுகா கண் முழிக்கல்ல."

தன் கைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நான்தான் அளவு பிழையாப் போட்டுட்டனோ? நீங்க படிச்சவர், சொல்லுங்க."

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"இருக்கலாம் அக்கா," என்றேன்.

அவர் தலையாட்டினார். என் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அயலில் யாருக்காவது ஊசி போட்டுவிடச் சொல்லிக் கேட்டால், அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விலகிவிடுகிறாராம். அண்மையில் கேள்விப்பட்டேன். மாங்கேணிக்கு இப்போது பாதை திறந்துதான் இருக்கிறது, பஸ்ஸும் ஓடுகிறது... உண்மையைச் சொல்ல நான் இன்னும் திரும்பிப் போகவில்லை.