ஸ்டோர் ரூமுக்குப் போன கல்யாண நாள் பரிசு

கல்யாண நாள் கொண்டாடிய வீட்டில், பாயசம்கூடக் கிடைக்காத அளவுக்குச் சண்டை போட்டவள் நான். ஏற்காட்டில் கால்நடை டாக்டராக இருந்து ரிட்டயர் ஆனவள். எத்தனையோ மாட்டுக்குப் பிரசவம் பார்த்திருக்கிறேன். ஆனால் உன் சர்வீஸில் எதற்கு மார்தட்டிக்கொள்வாய் என்று கேட்டால், அந்தச் சண்டையைத்தான் சொல்வேன். இப்போது வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக அதை எழுதுகிறேன்.

தனபால் மாரமங்கலம் பக்கத்தில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். கணக்கும் ஆள் வருகையும் அவர் பொறுப்பு. மனைவி சரோஜா. பிள்ளைகள் வெளியூரில் படிக்கப் போனதும், குவார்ட்டர்ஸின் பின் வராந்தாவில் கம்பிவலை அடித்துக் கூண்டு நிறைய லவ் பேர்ட்ஸ் வளர்த்தார் சரோஜா. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எது திரும்பிப் பார்க்கிறது என்று எனக்குத் தெரிந்ததில்லை, சரோஜாவுக்குத் தெரியும். அவருக்கு வீசிங் தொந்தரவும் உண்டு. பனி இறங்கும் மாதங்களில் இன்ஹேலர் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார்.

அந்தக் கல்யாண நாளுக்குத் தனபால் சேலத்தில் காக்டெயில் என்று சொல்லும் சின்னக் கிளி ஒன்றை வாங்கி, குப்பனூர் ரோடு வழியாகப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். மஞ்சள் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. அழகென்றால் அப்படி ஓர் அழகு. அக்கம்பக்கத்தாரெல்லாம் கூடிவிட்டார்கள். "டாக்டரம்மா, தண்ணி குடுக்கறோம், வந்துருங்க" என்று எனக்கும் போன் வந்தது.

தண்ணி கொடுப்பது அந்தக் குவார்ட்டர்ஸ் பழக்கம். வீட்டுக்குப் புதிதாகக் கோழியோ பறவையோ வந்தால், பழையவை குடிக்கும் கிண்ணத்திலேயே அதற்கும் முதல் தண்ணீரைக் காட்டுவார்கள். குடித்துவிட்டால் அது அந்த வீட்டுப் பிராணி, இனி எங்கும் போகாது என்று நம்பிக்கை. பிறகு எல்லாம் ஒரே கூண்டில். நோய் பரவ இதைவிடச் சுலபமான பாதை வேறு இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது கிண்ணம் சரோஜா கையில் இருந்தது. "நிறுத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் லவ் பேர்ட்ஸ் எல்லாம் படபடத்தன.

"என்னங்க டாக்டரம்மா, நல்ல நாளும் அதுவுமா?" சரோஜாவின் முகம் சுருங்கிவிட்டது.

"தண்ணி குடுக்க வேண்டாம்னு சொல்லல சரோஜா. ஒரு மாசத்துக்கு மேல போகட்டும். அதுவரைக்கும் இது தனி ரூம்ல இருக்கணும்."

தனபாலுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் என்னங்க மேடம், சீக்குப் பறவையவா பாத்து வாங்கிட்டு வந்தேன்? எப்புடித் துள்ளுது பாருங்க."

பறவைகள் பொல்லாதவை. உடம்பு முடியாவிட்டாலும் கடைசிவரை வெளியே காட்டாது. காட்டினால் மற்றவை கொத்தும். இதையெல்லாம் அங்கே நின்று பாடம் எடுத்தால் யார் கேட்பார்கள்? நான் அவர் தொழிலுக்கே போனேன்.

"வேற எஸ்டேட்லருந்து காபி நாத்து வந்தா, இறக்குன கையோட உங்க நர்சரிக்குள்ள வெச்சுருவீங்களா ரைட்டர் சார்?"

"அதெப்படீங்க மேடம்? வேர்ல புழு கிழு இருந்தா? தனியா ஒரு மூலைல வெச்சுப் பாத்துத்தான்..." சொல்லிக்கொண்டே வந்தவர் கூண்டைத் திரும்பிப் பார்த்தார். வந்திருந்தவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

காக்டெயில் முன்பக்க ஸ்டோர் ரூமுக்குப் போனது. சரோஜா பாயசத் தூக்கை என் பக்கம் திருப்பவே இல்லை.

நான் போட்ட சட்டம்

பழைய பறவைகளைச் சரோஜா பார்க்க வேண்டும், புதியதைத் தனபால் பார்க்க வேண்டும். சரோஜா அந்த ரூம் பக்கமே போகக் கூடாது. பறவையின் எச்சம் காய்ந்து தூசியாகப் பறந்தால் அவர் நெஞ்சுக்கு ஆகாது. கிண்ணம், துணி, பிரஷ் எல்லாம் தனி. கூண்டுக்கடியில் நியூஸ் பேப்பர். அதை நனைத்துச் சுருட்டி எடுக்க வேண்டும், விளக்குமாற்றால் கூட்டவே கூடாது. மாஸ்க் கட்டாயம். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்ற வேண்டும்.

குளிருக்கு விறகடுப்புக்கு மேலே கூண்டைத் தொங்கவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். புகையில் பறவை செத்தே போகும் என்றேன். மூன்று பக்கம் துணி மூடி, கூண்டுக்கு வெளியே ஒரு குண்டு பல்பு போதும்.

"கட்டிக்கிட்டு வந்த பொண்ணக்கூட இப்புடி ஒதுக்கி வெக்க மாட்டாங்க" என்று சரோஜா என் காதுபடவே முணுமுணுத்தார். கேட்காததுபோல வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். தனபால் போனில் ஒரு வீடியோ அனுப்பினார். காக்டெயில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு பந்தாக உட்கார்ந்திருந்தது. கண்ணோரம் ஈரம். ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. எச்சம் பச்சைத் தண்ணீராக இருந்தது. பார்த்ததும் கிளம்பிப் போனேன். சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பினேன். சந்தேகப்பட்டது சரிதான்: கிளிக்காய்ச்சல். பறவையிடமிருந்து மனிதனின் நுரையீரலுக்கும் வரக்கூடியது.

"கடைக்காரன்கிட்டயே திருப்பிக் குடுத்துர்றேனுங்க மேடம்" என்றார் தனபால்.

நான் வாய் திறக்குமுன் சரோஜா முந்திக்கொண்டார். "அங்க போயி இன்னும் பத்துப் பறவைக்கு ஒட்டறதுக்கா? இது எங்க ஊட்டுக்கு வந்த ஜீவனுங்க. இங்கயே வெச்சுப் பாக்கலாம்." தண்ணி கொடுக்காத பறவையை அவர் அப்போதே வீட்டில் சேர்த்துவிட்டார். எனக்குப் பூரிப்பாக இருந்தது. மருந்து நீண்ட நாள் கொடுக்க வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது என்று சொல்லி ஆரம்பித்தேன்.

அடுத்த சில நாட்களில் தனபாலுக்குக் காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல். "ஆஸ்பத்திரில மொதல்ல பறவையப் பத்திச் சொல்லுங்க" என்று நான் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். பறவை என்ற வார்த்தையைக் கேட்டதும் அந்த டாக்டர் வெறும் சளிக்காய்ச்சல் என்று விடாமல், எக்ஸ்ரே எடுத்துச் சரியான மருந்தைத் தொடங்கினார். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடியே தனபால் ஒப்புக்கொண்டார்: "ரெண்டு மூணு நாளு மாஸ்க் போடாம உள்ள போயிட்டேனுங்க. அவசரம்."

திடகாத்திரமான மனிதரையே அது அப்படிப் புரட்டிப்போட்டது. தினமும் கூண்டுக்குள் தலையை விட்டுப் பறவைகளோடு பேசும் சரோஜாவுக்கு வந்திருந்தால்? நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவர் படுத்திருந்த நாட்களில் மாஸ்க் போட்டுக்கொண்டு பறவைக்கு நானே மருந்து கொடுத்துவந்தேன். தனபால் தேறி வீடு வந்தார். காக்டெயிலும் தேறியது. மறு டெஸ்டில் சுத்தம் என்று வந்த பிறகுதான் ஸ்டோர் ரூம் கதவைத் திறக்கச் சொன்னேன். பின் வராந்தாவில் ஒரு லவ் பேர்ட் கூடத் தும்மவில்லை.

மருந்தை எந்த டாக்டரும் எழுதியிருப்பார். என் பெருமை அதில் இல்லை. ஊரே சந்தோஷமாகக் கூடியிருந்த நேரத்தில் கெட்ட பெயர் வாங்கத் துணிந்தேனே, அதில்தான். புதுப் பறவை வரும் வீட்டில் முதல் நாளே முகதாட்சண்யம் பார்க்காமல் பேசிவிடுங்கள். மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால், கிண்ணம் ஒன்றாகிவிடும்.

தனபால் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பார்க்கப் போயிருந்தேன். வெளி பெஞ்சில் சரோஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கு உங்க மேல நொம்பக் கோவமுங்க டாக்டரம்மா. இனி உங்ககூடப் பேச்சே வெச்சுக்கக் கூடாதுன்னு இருந்தேன்."

"இப்ப மட்டும் பேசறீங்களே?"

"பேசறதுக்கு மூச்சு இருக்குதுங்களே" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.