மேஸ்திரிக்குப் புரட்டாசி

பக்கத்து வீட்டில் என்னவெல்லாம் கைமாற்று கேட்டிருக்கிறீர்கள்? சர்க்கரை, காபித்தூள், உறைமோர், ஸ்க்ரூ டிரைவர்... சரி. தோல் உரித்த இறால் கேட்டிருக்கிறீர்களா? அதுவும் புரட்டாசி மாதத்தில், விடிந்தும் விடியாமல், காம்பவுண்டு சுவரோரம் நின்றுகொண்டு, மனைவி காதில் விழாத குரலில்?

நான் கேட்டேன். போன புரட்டாசி முழுக்க அதுதான் என் பிழைப்பு.

எனக்காக இல்லை. மேஸ்திரிக்காக.

மேஸ்திரி என்பது ஒரு மீன். என் மனைவி வசந்தியின் ஒரே தம்பி குமரன் – என் மச்சான் – ஆசையாக வளர்க்கும் கேட்ஃபிஷ். கிட்டத்தட்ட முழங்கை நீளம். செங்கல் நிறத்தில் வால். வாயைச் சுற்றி ஆறு மீசை. தொட்டியின் அடியில் அசையாமல் படுத்துக்கொண்டு, நாம் வேலை செய்வதை மேற்பார்வை பார்ப்பது போலவே ஒரு முழி. அதனால்தான் அந்தப் பெயர்.

குமரன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. வேலை முடிந்து வந்தால் அவனும் மேஸ்திரியும்தான். அவனுக்குத்தான் திடீரென்று நெஞ்சுவலி. புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பைபாஸ் செய்தே ஆக வேண்டும், ஆனால் சர்க்கரை இறங்கட்டும் என்றார்கள். கட்டிலில் படுத்துக்கொண்டு அவன் எதற்குக் கவலைப்பட்டான் என்று நினைக்கிறீர்கள்?

"மாமா, மேஸ்திரிய நீங்கதான் பாத்துக்கணும்."

கண்ணாடித் தொட்டி குட்டி யானை வண்டியில் ஏறிச் சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது. மேஸ்திரி மூடி போட்ட ட்ரம்மில், என் இரண்டு காலுக்கும் நடுவில். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் என் பேண்ட் தொப்பலாக நனைந்துவிட்டது. இந்த வயதில் எனக்கு இது தேவையா?

அன்று சாயங்காலமே போனில் பாடம் ஆரம்பித்தது.

"இறால்னா தோலு, தல எடுத்துட்டுப் போடணும் மாமா. தெனமும் இறாலே போடாதீங்க. ஒரு தடவ முள்ளு எடுத்த மீனு, ஒரு தடவ மண்புழு, மாத்தி மாத்திப் போடணும். கோழித் தோலு, ஈரலு... அந்தப் பக்கமே போவாதீங்க. கொழுப்பு ஜாஸ்தி, அவனுக்குச் செரிக்காது. உசுரு மீன வாங்கி உள்ள வுட்டுடாதீங்க, நோவு வந்துடும். ஒரு நாளு வுட்டு ஒரு நாளுதான் சாப்பாடு. கண்ணாடிகிட்ட வந்து வாயத் தொறந்து தொறந்து காட்டுவான். பாவம் பாக்காதீங்க! தண்ணி பால் மாதிரி போச்சுன்னா மட்டும் தீனிய நிறுத்திட்டு, கால்வாசி தண்ணி மாத்திடுங்க."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. மீனுக்குக் கொழுப்பு ஆகாது என்று இவ்வளவு தெரிந்தவன், ஷிஃப்ட் முடிந்து வரும்போதெல்லாம் பரோட்டாவும் பாயாவுமாக உள்ளே தள்ளினானே... அப்போது எங்கே போனது இந்த டாக்டர் மூளை? கேள்வி வாய் வரை வந்தது. மூக்கில் ட்யூப்போடு படுத்திருப்பவனிடம் என்னத்தைக் கேட்பது?

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. புரட்டாசி பிறந்தது.

தம்பி நல்லபடியாகப் பிழைத்து வர வேண்டும் என்று வசந்தி பெருமாளுக்கு வேண்டிக்கொண்டாள். மாதம் முழுக்க வீட்டுக்குள் கவுச்சி நுழையக் கூடாது. முட்டைகூட. பாத்திரத்தையெல்லாம் புளி போட்டு விளக்கிக் கவிழ்த்தாள்.

"மேஸ்திரிக்கு?" என்றேன்.

"அதுவும் இந்த வூட்டுலதான இருக்குது?"

"அடிப்பாவி, மீனே கவுச்சிதானே!"

"உசுரோட இருக்கிறது கவுச்சி இல்லீங்க. அது வாயில போறதுதான் கவுச்சி."

எப்படி இருக்கிறது சட்டம்? எதிர்த்து வாதாட எனக்குத் தெம்பில்லை. அவள் பக்கமும் நியாயம் இருந்தது. வேண்டுதல் தம்பி உயிருக்காக. என் பக்கம் இருந்த மீனும் அதே தம்பிக்கு உயிர். நடுவில் நான்.

கடையில் விற்கும் குருணைத் தீனியை வாங்கி வந்தேன். அதிலும் மீன்தூள் இருக்கிறது – நான் மூச்சு விடவில்லை. மேஸ்திரி ஒரு வாய் வாங்கி, கொஞ்சம் யோசித்து, தூ என்று துப்பிவிட்டான். வசந்தி பனீர் போட்டுப் பார்த்தாள். துப்பினான். கொண்டைக்கடலைச் சுண்டல்... துப்பினான். கோயிலிலிருந்து வந்த புளியோதரையில் ஒரு பருக்கை போட்டாள். அதற்கும் அதே மரியாதைதான். சாமி குற்றம் ஆகிவிடுமோ என்று அவள்தான் மீனுக்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தினமும் சாயங்காலம் போன் வரும்.

"சாப்ட்டானா மாமா?"

"ஓ, பேஷா..."

பொய் சொல்லிச் சொல்லி எனக்கே சோறு இறங்கவில்லை. அதற்கு மேல் தாங்காமல்தான் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சரிடம் போனேன். புரட்டாசி வந்தால் மார்க்கெட்டில் மீன் சல்லிசு. அவர் வீட்டு ஃப்ரீசர் நிரம்பி வழியும்.

"கொஞ்சூண்டு இறால் கிடைக்குமா டீச்சர்? வசந்திக்குத் தெரிய வேண்டாம்."

டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, "சரி சார்" என்று நிறுத்திக்கொண்டார்.

வசந்தி காலையில் பெருமாள் சன்னதிக்குப் போகும் நேரம் பார்த்துப் போடுவேன். மேஸ்திரி லபக்கென்று வாங்குவான். பட்டினி கிடந்த உயிர் ஆயிற்றே என்று தினமும் போட்டேன். ஆமாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றுதான் சொல்லியிருந்தான். அந்த வாயைப் பார்த்துவிட்டு நீங்கள் சும்மா இருந்திருப்பீர்களா?

அந்த நாட்களில் வசந்தி சாயங்காலமும் தலைக்குக் குளிக்க ஆரம்பித்திருந்தாள். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வழியாக ஆபரேஷன் நாள் குறித்தார்கள். அன்று விடியற்காலை பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். கூடத்திலிருந்து வசந்தி போட்ட அலறலில் என் கையிலிருந்த பை கீழே விழுந்தது.

தொட்டித் தண்ணீர் பால் போல இருந்தது. குப்பென்று நாற்றம். மேஸ்திரி மேலே வந்து, ஒருக்களித்து, வாயைப் பிளந்து பிளந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான். வயிறு உப்பிப் போயிருந்தது.

வசந்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னிக்கிப் பாத்து இப்படி ஆவுதே... என் தம்பிக்கு என்னா ஆவப் போவுதோ... எல்லாம் என்னாலதான். நான்தான் விரதத்த முறிச்சிட்டேன்..."

"நீ எங்கடி முறிச்ச?"

"நீங்க டீக்கடைக்குப் போனப்புறம், டீச்சர்கிட்ட மீன் வாங்கி... கையில கவர மாட்டிக்கிட்டுப் போட்டுட்டு, தலைக்குக் குளிச்சிட்டுதான் வெளக்கேத்துவேன். பசியில அது என்னையே பாக்குதுங்க. தம்பி பாக்குற மாதிரியே இருந்துச்சு..."

சத்தம் கேட்டு ஸ்டெல்லா டீச்சர் ஓடி வந்தார். தொட்டியைப் பார்த்ததும் அவர் முகமும் செத்துவிட்டது.

"சார், காலையில நீங்க வருவீங்க. சாயங்காலம் வசந்தி வரும். ரெண்டு பேருமே 'சொல்லாதீங்க டீச்சர்'னுதான் சொன்னீங்க. நான் என்னா பண்றது?" கொஞ்சம் தயங்கினார். "அப்புறம்... நீங்க ஆஸ்பத்திரிக்குப் போறப்ப சாவி குடுத்துட்டுப் போவீங்கல்ல? அப்ப நானும் போட்டேன் சார். பாவமா இருந்துச்சு..."

போச்சா! ஒரு மீனுக்கு மூன்று சமையல்காரர்கள்.

இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. பயமாக இருந்தது. சகுனம், கிகுனம் எல்லாம் சும்மா என்று இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் எத்தனையோ தடவை எழுதியவன்தான் நான். ஒருத்தனை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகப் போகிறார்கள், அவன் மீன் நம் கண்ணெதிரே மல்லாந்து போகிறது... அந்த நேரத்தில் எழுதியதா ஞாபகத்துக்கு வரும்?

மச்சான் சொன்னபடி கால்வாசித் தண்ணீரை இறைத்துவிட்டு, ட்ரம்மில் பிடித்து வைத்திருந்ததை ஊற்றினோம். அதற்கு மேல் மருந்து? ஒன்றே ஒன்றுதான். பட்டினி. பெருமாள் கேட்ட விரதத்தை மேஸ்திரி அன்றுதான் ஆரம்பித்தான்.

"நீங்க கெளம்புங்க, நான் இங்கயே இருக்கேன்" என்றார் டீச்சர். "சத்தியமா எதுவும் போட மாட்டேன்."

பஸ்ஸில் வசந்தி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பரங்கிப்பேட்டை ரோடு தாண்டிய பிறகு மெதுவாகக் கேட்டாள்: "சாமி கோச்சிக்குமாங்க?"

"பசிச்ச வாய்க்குப் போட்டதுக்கா கோச்சிக்கும்?" என்றேன். அது பசித்த வாயே இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

டாக்டர் வெளியே வந்து, "நல்லபடியா முடிஞ்சிது" என்று சொன்னபோது பொழுது சாய்ந்திருந்தது. அந்தச் சொல்லின் ஈரம் காய்வதற்குள் டீச்சரிடமிருந்து போன். "சார், கீழ எறங்கிப் படுத்துட்டான். மூச்சு சீரா வுடுறான்." வசந்தி தம்பிக்காகக் கொஞ்சம், மீனுக்காகக் கொஞ்சம் என்று சேர்த்து வைத்து அழுதாள். நானும்தான். யார் பார்த்தால் என்ன?

யோசித்துப் பாருங்கள். நமக்குப் பிரியத்தைக் காட்ட வேறு வழியே தெரியாதா? போட வேண்டும். தட்டில், இலையில், தொட்டியில்... போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விரதம் என்று உட்கார்ந்தால்கூட, முடிக்கும்போது வடை பாயசம். வேண்டாம் என்பவனை நாம் நம்புவதே இல்லை. போடாமல் இருப்பதும் ஒரு பிரியம்தான் என்று நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொன்னாலும் கேட்டிருக்க மாட்டோம்.

குமரன் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். உப்பு குறைவாக, எண்ணெய் தொட்டும் தொடாமலும், சோறு அளவோடு – இது ஆஸ்பத்திரி உத்தரவு. வந்த அன்றைக்கு மத்தியானம் அவனும் நானும் பக்கத்தில் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். ஆள் பாதியாகத்தான் இருந்தான். கன்னம் ஒட்டிப் போய், சட்டை ஹேங்கரில் தொங்குவது போல. வசந்தி அவனைப் பார்த்தாள். கரண்டி நிறையச் சோற்றை அள்ளிக்கொண்டு வந்தாள்.

குமரன் தட்டின் மேல் கையை விரித்து மூடினான். "போதும்க்கா."

கரண்டி அந்தரத்தில் நின்றது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி முப்பது வருஷமாகப் பார்க்கிறேன், போதும் என்ற சொல்லுக்கு அவள் கரண்டி கட்டுப்பட்டதே இல்லை. அன்று கட்டுப்பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

அள்ளிய சோறு அப்படியே என் தட்டில் விழுந்தது.