மல்லிகைப்பூச் சோறும் மரத்துப்போன காலும்

என் கால் மரத்துப்போனதற்குக் காரணம் பொறாமை. டாக்டர் வேறு பெயர் சொன்னார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஐம்பதுகளின் நடுவில் சிங்கப்பூரில், ஜாலான் புசாருக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் இரண்டு குடும்பமாக இருந்தோம். நானும் என் கணவரும், கொழுந்தனும் அவர் மனைவியும். என் ஓரகத்தி இங்கேயே பிறந்து இங்கிலீஷ் பள்ளியில் படித்தவள். ஆபீசில் டைப் அடிக்கும் வேலை. நான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவள். அடுப்படியிலாவது நான்தான் ராணி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சயாம் பச்சரிசியில் சோறு வடித்தாள். என் கணவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “சோறு மல்லிகைப்பூ மாதிரி இருக்கு” என்றார். நாலு வருஷமாக நான் வடித்துப் போட்ட புழுங்கலரிசிச் சோற்றை அவர் எந்தப் பூவோடும் சேர்த்துப் பேசியதில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாளே கீழே மளிகைக் கடையில் புழுங்கலை நிறுத்திவிட்டு, இருப்பதிலேயே வெள்ளையான சயாம் அரிசி வாங்கினேன். அவள் மூன்று தடவை கழுவினால் நான் ஆறு தடவை கழுவினேன். முன்பெல்லாம் வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுப் பதினோரு மணிக்கு ஒரு குவளை குடிப்பேன். இப்போது அதைச் சாக்கடையில் ஊற்றினேன். கஞ்சி குடிக்கிறவள் என்று அவள் இளக்காரமாக நினைத்துவிடக் கூடாதே. அவள் அப்படி நினைக்கவேயில்லை. அவளுக்கும் சேர்த்து நானே நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் எனக்குப் பையன் பிறந்தான். பத்தியத்தில் பருப்பு கூடாது, காய் கூடாது. வெள்ளைச் சோறும் மிளகு ரசமும்தான். நாற்பது நாளில் முடிக்க வேண்டியதை நான் நாலு மாதம் இழுத்தேன். அவள் இடுப்பு எப்போதும் சிக்கென்று இருக்கும். எனக்கும் அந்த இடுப்பு வேண்டியிருந்தது.

முதலில் பாதத்தில் எறும்பு ஊறுவது போல் இருந்தது. பிறகு கெண்டைக்காலை அமுக்கினால் வலித்தது, உட்கார்ந்து எழச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒருநாள் இடது கால் செருப்பு எங்கோ கழன்று விழுந்ததே தெரியாமல் மார்க்கெட்வரை நடந்துவிட்டேன்.

“அக்கா, டாக்டர்கிட்ட போவோம் லா. நான் லீவ் எடுத்துக்கறேன்” என்றாள் ஓரகத்தி.

“ஒண்ணுமில்லம்மா. நானே போய்க்கறேன்.”

அவள் இங்கிலீஷில் பேச, நான் பக்கத்தில் பொம்மையாக நிற்க வேண்டுமா? தனியாகவே ஒரு மருந்துக்கடைக்குப் போய், அங்கிருந்த சீனரிடம் எனக்குத் தெரிந்த மலாயில் “காக்கி அடா செமுட்” என்றேன். காலில் எறும்பு இருக்கிறது என்று அர்த்தம். அவர் குனிந்து என் விரலிடுக்கெல்லாம் பார்த்தார். எறும்புக்கடிக்கு ஒரு மருந்து கொடுத்து, கட்டில் கால்களை மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் வைக்கச் சொன்னார். நானும் வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, பையனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது என் கால் படியில் பட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. சரிந்துவிட்டேன். முன்னால் இறங்கிக்கொண்டிருந்த ஓரகத்தி திரும்பிப் பையனைத் தாங்கிப் பிடித்தாள். அப்புறம் அவள் என்னைக் கேட்கவில்லை, டிரைஷாவைக் கூப்பிட்டு என்னை அந்தச் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றினாள்.

டாக்டர் என் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினார். கால் அசையவில்லை. என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷில் சொன்னாள். நோய்க்குப் பெயர் பெரிபெரி. வெள்ளையாகத் தீட்டிய அரிசியில் மிச்சமிருந்த கொஞ்சச் சத்தும் கழுவின தண்ணீரோடும் வடித்த கஞ்சியோடும் போய்விட்டது. மற்றவர்களுக்கு முட்டை, கறி, கடலை என்று வேறு சாப்பாடு இருந்தது, எனக்குச் சோறு மட்டும்தான்.

“புழுங்கல் சாப்பிடறவங்களுக்கு இது லேசுல வராதாம். ஏன் விட்டீங்கன்னு கேக்கறார், அக்கா.”

“கடையில கிடைக்கல.”

கடை வாசலில் இருக்கும் புழுங்கலரிசி மூட்டையைத் தாண்டித்தான் அவள் தினமும் ஆபீசுக்குப் போவாள். என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். நான் சொன்னதையே டாக்டரிடம் சொன்னாள்.

பிறகு அவர் பையனைப் பரிசோதித்தார். என் பாலிலும் அந்தச் சத்து இருக்காது, குழந்தைக்கு இதயமே பாதிக்கலாம் என்றார். இரண்டு பேருக்கும் மருந்து, எனக்கு ஊசி. அவர் மறுபடி பார்த்துச் சொல்லும்வரை பையனுக்கு டின் பால். அவளைவிட நான் ஒரு படி மேலே என்று நிம்மதியாக இருந்தது ஒரே விஷயத்தில்தான். எனக்குப் பிள்ளை இருந்தது, அவளுக்கு இல்லை. அந்தப் பிள்ளைக்கே விஷம் வைத்தவள் போல் ஆகிவிட்டேன்.

மூன்று வாரம் படுத்திருந்தேன். புழுங்கல் சோறு, கஞ்சி, பாசிப்பயறு. ஆபீசுக்கு முன்னும் பின்னும் அவள்தான் பாட்டிலில் பால் கொடுத்தாள். சாயங்காலம் படியில் அவள் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டாலே பையன் தலையைத் திருப்புவான். படுத்தபடி அதைப் பார்ப்பது ஊசியைவிட வலித்தது.

ஒருநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கினேன். சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி குதிகாலில் ஏறியது. பாதம் முழுக்கச் சுருக் சுருக்கென்று குத்தியது. சுவரைப் பிடித்து நடந்துபோய் அவள் மடியிலிருந்து பையனையும் கையிலிருந்து பாட்டிலையும் வாங்கிக்கொண்டேன்.

“அக்கா, சாயங்கால வேளை மட்டும் நான் குடுக்கட்டுமா?”

“வேணாம்மா. எனக்குத்தான் சரியாயிடுச்சே.”

அவள் தலையாட்டிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினாள். அறுபதுகளில் அவர்கள் தோ பாயோவில் வீடு கிடைத்துப் போனார்கள். கடைசிவரை அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அன்றைக்கு அது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் கேட்டபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்றேன்.