அறுந்த சிவப்புக் கோடு

பம்பாயில் கணிப்பொறிக் கூடத்தில் நின்றிருந்தபோது தந்தி வந்தது. அருளப்பன் காலமானார் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ரயில் பிடித்து அவருடைய ஊரான ஆவூர் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கடைசியாக முகம் பார்க்கக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

புதுக்கோட்டைக் கல்லூரியில் அவரும் நானும் இயற்பியல் விரிவுரையாளர்களாக இருந்தோம். ஒருமுறை கட்டுமாவடிக்குப் போனபோது எல்லோரும் கடலைப் பார்க்க, அவர் நங்கூரம் போட்ட தோணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், தோணிக்கு வெலை பேசப் போறீங்களா?" என்று சீண்டினேன்.

"இங்கிட்டு வந்து பாருங்க சார். தோணிக்கு முன்னாடியே தண்ணி பிரிஞ்சு ஒதுங்குது. சூரியக் காத்தும் பூமிகிட்ட இப்படித்தான் ஒதுங்கிப் போகும்" என்றார். சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்துகள்களை, பூமியின் காந்தப்புலம் விலக்கிவிடுவதைத்தான் அப்படிச் சொன்னார்.

பிறகு இருவரும் பம்பாய்க்கு ஆராய்ச்சிக்குப் போனோம். அந்தச் சூரியக் காற்று செவ்வாய்க் கோளின் மேல்வளிமண்டலத்தை என்ன செய்யும் என்று கணிப்பொறியில் கணக்கிடுவது அவர் வேலை. செவ்வாய்க்கும் பூமியைப் போலக் காந்தப்புலம் உண்டு என்று வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் உழைத்தார். கணக்கு முழுவதும் துளையிட்ட அட்டைகளில் இருக்கும். ஓர் அட்டை இடம் மாறினாலும் எல்லாம் கெடும். அதனால் அட்டைக் கட்டின் மேல்விளிம்பில் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிடுவார்.

"கொட்டிப் போனாலும் கோட்டப் பாத்து அடுக்கிரலாம் சார்" என்பார்.

ஆய்வேட்டைக் கொடுக்கவிருந்த நேரத்தில், செவ்வாயைக் கடந்து போன விண்கலம் அங்கே அப்படியொரு காந்தப்புலம் இல்லை என்று காட்டிவிட்டது. இருப்பதைக் கொடுத்துப் பட்டத்தை வாங்கிக்கொள்ளும்படி வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னார். நானும் அதையே சொன்னேன்.

"இல்லாதத இருக்குன்னு எழுதி என் பேரப் போடவா? மாட்டேன் சார்" என்றார். மனிதர் பிடித்தால் பிடித்ததுதான்.

காந்தப்புலத் தடையில்லாமல் சூரியக் காற்று நேராக வளிமண்டலத்தின்மேல் மோதும் பகுதியைப் புதிதாக எழுதி, கட்டின் நடுவில் சேர்த்து, மறுபடி கோடு இழுத்தார். அதற்கு நகல் கிடையாது. அதற்குள் அவருடைய சிறுநீரகம் கைவிட்டிருந்தது.

"ஊருக்குப் போயி ஒருதரம் சரிபாத்துட்டு வாரேன். கணிப்பொறி மிஷின்ல எனக்கு நேரம் பிடிச்சு வையுங்க" என்று அட்டைகளைத் தகரப்பெட்டியில் எடுத்துக்கொண்டு ரயிலேறினார்.

ஆவூரில் அவருடைய அக்கா லூர்தம்மாள் அந்தத் தகரப்பெட்டியை என்னிடம் கொடுத்தார். உடலைக் கிடத்த அறையை ஒழித்தவர்கள் அட்டைகளை அள்ளித் திணித்திருந்தார்கள். கோட்டைப் பார்த்து அடுக்கினேன். மூலையில் புறப்பட்ட கோடு நடுவில் அறுந்து, வெகுதூரம் தள்ளித் தொடங்கியது. புதிய பகுதி முழுவதையும் காணோம்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் அட்டை இருந்திருக்குமே?"

"அதத் தலமாட்டுல செபமாலையோட வச்சிருந்தான் தம்பி. எடுத்து எடுத்துப் பாப்பான். உசுரா வச்சிருந்தானே, வெறுங்கையோட அனுப்ப மனசு வரல. கையில குடுத்துத்தான் சவப்பொட்டிய மூடுனோம். தப்பாங்க தம்பி?"

பெட்டியை மூடினேன். "இல்லக்கா. அது அவர்கிட்டதான் இருக்கணும்" என்றேன்.

கல்லறை மேட்டில் மண் இன்னும் காயவில்லை. மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நெடுநேரம் நின்றேன்.

அருளப்பன் சார், நீங்கள் சொன்னபடி மிஷினில் நேரம் பிடித்து வைத்திருந்தேன். பம்பாய் திரும்பி வந்து அந்த நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். போய் வாருங்கள்.